வத்தகப்பழத்துக்கு யார் ஊசி போட்டார்கள்?

வெயில் ஏறத் தொடங்கியதும் மாம்பழம் வருகிறது, பலாப்பழம் வருகிறது, வத்தகப்பழம் வருகிறது. வத்தகப்பழத்தின் பின்னாலேயே ஓர் ஊசிக்கதையும் தவறாமல் வந்துவிடுகிறது. பங்குனி, சித்திரை மாதங்களில் மின்னஞ்சலைத் திறந்தாலும் கைத்தொலைபேசியைத் திறந்தாலும் எனக்குக் கிடைப்பது அந்தக் கதைதான். பழத்துக்குள் சிவப்புச் சாயத்தை ஊசியால் ஏற்றுகிறார்களாம். பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாதாம். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இதை அனுப்பிவைக்க வேண்டுமாம். ரொறன்ரோவில் இருக்கும் உறவினர் அனுப்புகிறார், லண்டனில் இருக்கும் பழைய நண்பர் அனுப்புகிறார், வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் இருப்பவரும் அனுப்புகிறார். ஊரின் பெயர் மட்டும் மாறுகிறது. கதை மாறுவதில்லை.

தமிழ்நாட்டு வாசகர்கள் தர்பூசணி என்று சொல்வதைத்தான் இலங்கையில் நாங்கள் வத்தகப்பழம் என்கிறோம். பெயர் இரண்டாயினும் அதன் மீது சுமத்தப்படும் பழி ஒன்றுதான். அந்தப் பழி ஆதாரமற்றது என்பதையும், அதை நம்பிப் பரப்புகிறவர்கள் ஏழை விவசாயியின் வயிற்றில் அடிக்கிறார்கள் என்பதையும், உண்மையில் அஞ்ச வேண்டியவற்றுக்கு நாம் அஞ்சாமல் இருக்கிறோம் என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த முதல் நாளிலேயே ஒருவருக்குச் சொல்லிக் கொடுக்கப்படும் பாடம் உண்டு. யார், எங்கே, எப்போது, எப்படி என்ற கேள்விகளுக்கு விடை இல்லாத எதுவும் செய்தி அல்ல. ஊசிக்கதையை இந்த உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். ஊசி போட்டவர் யார்? எந்தச் சந்தையில்? எந்தத் திகதியில்? பிடிபட்ட பழங்கள் எத்தனை? அவற்றைப் பரிசோதித்த ஆய்வுகூடம் எது? வழக்குத் தாக்கல் செய்யப்பட்ட நீதிமன்றம் எது? எனக்கு வந்த எந்தத் தகவலிலும் இவற்றுள் ஒன்றுக்காவது விடை இருந்ததில்லை. பிரதேச நிருபர் ஒருவர் இப்படியொரு செய்தியை அனுப்பியிருந்தால் அந்தக் காலத்துச் செய்தி ஆசிரியர் அதைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டிருப்பார். இன்று அந்தக் குப்பைக்கூடை இல்லை. எல்லோரும் நிருபர்கள், எல்லோரும் ஆசிரியர்கள். ஒப்புநோக்குவதற்குத்தான் ஒருவரும் இல்லை.

இதனால் என்ன குடி முழுகிப் போயிற்று என்று கேட்பவர்களுக்கு 2025ஆம் ஆண்டைக் காட்டுகிறேன். அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில், சென்னையில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர், சாயம் ஏற்றிய தர்பூசணியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று செய்துகாட்டிய காட்சி தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பாகியது. சமூக ஊடகங்கள் அதை ஊதிப் பெருப்பித்தன. தர்பூசணி அறுவடையின் உச்சக்கட்டம் அது. சில நாட்களுக்குள் விற்பனை சரிந்தது, விலை வீழ்ந்தது, வயல்களில் பழங்கள் வாங்குவார் இன்றிக் கிடந்தன. விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். பழத்தை அச்சமின்றி உண்ணலாம் என்று அரச அதிகாரிகள் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஏப்ரல் மாதத்தில் அந்த அதிகாரி இடமாற்றம் பெற்றார்.

இடமாற்றம் விவசாயிக்கு என்ன நட்டஈடு? வத்தகக்கொடி நட்டதிலிருந்து 70 முதல் 90 நாட்களில் பலன் தரும் குறுங்காலப் பயிர். விதை, பசளை, நீர்ப்பாசனம், கூலி எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பணம் போட்டவர், அறுவடைக்கென்று கிடைக்கும் அந்தச் சில நாட்களில்தான் போட்டதை எடுக்க வேண்டும். நெல்லைப் போல மூட்டை கட்டி, விலை ஏறும்வரை அடுக்கிவைக்க முடியாது. முற்றிய பழத்தைக் கொடியிலேயே விட்டுவைத்தால் சதை சிதைந்துபோகும். மறுப்பறிக்கை வருவதற்குள் அவருடைய போகம் முடிந்துவிட்டது. வதந்திக்குக் கால் முளைத்தது பத்து வினாடியில். உண்மை செருப்பைத் தேடிக்கொண்டிருந்த வேளையில் பழம் அழுகிப்போனது.

சரி, கதையைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 தொன் ஏற்றக்கூடிய லொறி ஒன்றில் சராசரி 5 கிலோ எடையுள்ள பழங்களை ஏற்றினால் 2,000 பழங்கள் வரும். பழம் முழுவதும் நிறம் பரவுவதற்குப் பத்து இடங்களிலாவது ஊசி குத்த வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 20,000 குத்துகள். ஒரு பழத்துக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஓய்வின்றி 33 மணித்தியாலங்களுக்கு மேல் வேலை. இந்தக் கூலியை யார் கொடுப்பது? எதற்காகக் கொடுப்பது? வயலில் விவசாயி பழத்தை முழுதாக, எடை பார்த்து விற்கிறார். உள்ளே இருக்கும் நிறம் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தெரியாத நிறத்துக்குச் சாயம் பூசுகிற முட்டாள் வியாபாரியை எனது இத்தனை வருட அனுபவத்தில் நான் சந்தித்ததில்லை.

கணக்கோடு நிற்காமல் நான் செய்தும் பார்த்தேன். நடுத்தர அளவான பழம் ஒன்றை வாங்கி, கேக்குக்குப் போடும் சிவப்புச் சாயத்தை நீரில் கரைத்து, ஊசியால் நான்கு பக்கமும் ஏற்றினேன். தடித்த தோலுக்குள் ஊசியை இறக்குவதே பெரும்பாடு. ஏற்றியதில் ஒரு பகுதி குத்திய துவாரத்தின் வழியாகவே திரும்பி வழிந்தது. வெட்டிப் பார்த்தபோது, ஊசி சென்ற பாதையைச் சுற்றி மட்டும் கடுஞ்சிவப்பாய் ஒரு திட்டு; ஓர் அங்குலம் தள்ளிச் சதை தன் இயல்பான நிறத்தில் இருந்தது. அப்படியே குத்தி வெட்டாமல் வைத்த இன்னொரு பழம் மூன்றாம் நாள் துவாரங்களில் நுரை தள்ளிப் புளித்த வாடை வீசியது. இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. பழத்தின் தோல்தான் அதன் கவசம். கவசத்தில் துளை விழுந்தால் கிருமி நுழையும். ஊசி போட்ட பழம் சந்தைக்குப் போய்ச் சேருமுன் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். நம்ப மறுப்பவர்கள் ஒரு பழத்தைச் செலவழித்துத் தாங்களே செய்து பார்க்கட்டும்.

ஆனால் பஞ்சில் சிவப்பு ஒட்டுகிறதே என்பார்கள். வெட்டிய பழத்தில் பஞ்சைத் தேய்த்து, சிவந்தால் எரித்ரோசின் என்னும் சாயம் கலந்திருக்கிறது என்று அறியலாம் என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே ஒரு வீட்டுப் பரிசோதனையைச் சொல்லியிருக்கிறது. சாயம் பூசிய துண்டில் பஞ்சு பளிச்சென்று சிவக்கும் என்பது மெய். ஆனால் நன்கு பழுத்த நல்ல பழத்தில் தேய்த்தாலும் பஞ்சில் இளஞ்சிவப்பு ஒட்டத்தான் செய்யும். வத்தகப்பழத்துக்குச் சிவப்பைக் கொடுப்பது தக்காளிக்கும் சிவப்பைக் கொடுக்கும் அதே லைக்கோப்பீன். அது நீரில் கரையாது. ஆனால் சதை நசுங்கும்போது அதைத் தாங்கிய நுண்துகள்கள் சாற்றோடு சேர்ந்து வெளியே வரும். தக்காளியை வெட்டிப் பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். தக்காளிக்கும் ஊசி போட்டுவிட்டார்கள் என்று கூச்சலிடுவீர்களா? எவ்வளவு சிவந்தால் சாயம், எவ்வளவு சிவந்தால் சாறு என்று பிரித்தறியப் பயிற்சி இல்லாதவர் கையில் இந்தப் பஞ்சு நல்ல பழத்தையும் குற்றவாளி ஆக்கிவிடும். சந்தேகம் எழுந்தால் தீர்ப்புச் சொல்ல வேண்டியது ஆய்வுகூடம். தொலைக்காட்சிக் கமரா அல்ல.

பழத்தின் நடுவே வெள்ளை நரம்பு ஓடினாலும் சதை பிளந்து வெற்றிடம் இருந்தாலும் இரசாயனம் போட்டதன் அடையாளம் என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. இவர்களுக்கு ஓர் ஓவியத்தைச் சிபாரிசு செய்கிறேன். ரோமாபுரியில் வாழ்ந்த ஜியோவானி ஸ்டாங்கி என்ற ஓவியர் 1645க்கும் 1672க்கும் இடையில் வரைந்த பழங்களின் ஓவியம் அது. அதில் வெட்டி வைக்கப்பட்டிருக்கும் வத்தகப்பழத்தில் வெள்ளைச் சதை அகலமாகச் சுழித்து ஓடுகிறது, இடையிடையே வெற்றிடம் தெரிகிறது, சிவப்பு அங்கங்கே மட்டும் இருக்கிறது. மருத்துவ ஊசி பயன்பாட்டுக்கு வந்தது 1853இல். முதலாவது செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டது 1856இல். அவற்றுக்கு ஏறக்குறைய 200 ஆண்டுகள் முன்னரே அந்தப் பழத்துக்கு யார் ஊசி போட்டார்கள்? மகரந்தச் சேர்க்கை குறைந்தாலோ, வளர்ச்சி ஒரு சமயம் தேங்கி மறுசமயம் விரைந்தாலோ சதை பிளப்பது இப்பயிரின் இயல்பு. பிளந்த பழத்தை உண்பதால் ஒரு தீங்கும் இல்லை.

உணவில் கலப்படமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. மாங்காய்க்குக் காபைட் கல் வைத்துப் பழுக்கச் செய்வது சட்டம் தடுத்தும் நடக்கிறது. மிளகாய்த்தூளில் சாயம் கலப்பதும் நடந்த ஒன்றே. அவற்றில் கலப்படக்காரருக்கு இலாபம் இருக்கிறது. கொடியிலிருந்து பறித்தபின் இனிப்பு ஏறாத பழம் வத்தகப்பழம். அதற்குக் காபைட் வைத்தும் பயனில்லை, ஊசி போட்டும் பயனில்லை. வெட்டி வைத்த துண்டுகளின் மேல் யாரேனும் சாயத்தைத் தடவக்கூடும் என்று வாதிட்டால் அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பரிகாரம் எளியது. வெட்டிய துண்டை வாங்காதீர்கள், முழுப்பழத்தை வாங்குங்கள்.

வத்தகப்பழத்தால் மனிதருக்குத் தீங்கு நேர்ந்ததே இல்லையா? நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1985 ஜூலையில் வத்தகப்பழம் உண்ட பலர் வாந்தி, வயிற்றோட்டம், தசைத்துடிப்பு என்று வைத்தியசாலைகளுக்கு ஓடினார்கள். அப்பயிருக்கு அனுமதிக்கப்படாத அல்டிகார்ப் என்ற கொடிய பூச்சிநாசினியைச் சிலர் சட்டவிரோதமாகப் பயன்படுத்தியிருந்தார்கள். பாதிக்கப்பட்டோர் தொகை ஆயிரத்தைத் தாண்டியது. அதிகாரிகள் விற்பனையை உடனே நிறுத்தி, பழங்களை ஆய்வுகூடத்தில் பரிசோதித்து, நஞ்சுள்ளவற்றை அழித்து, பரிசோதனையில் தேறியவற்றை அடையாளச் சீட்டு ஒட்டி மீண்டும் சந்தைக்கு விட்டார்கள். 2011 மே மாதத்தில் சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் உள்ள டான்யாங்கில் வளர்ச்சி ஊக்கியைப் பருவம் தவறித் தெளித்ததாலும் அடைமழையாலும் பழங்கள் வயலிலேயே வெடித்துச் சிதறின. இவை இடம், காலம், பொருள், காரணம் எல்லாம் உள்ள செய்திகள். நாம் கேட்க வேண்டிய கேள்வியும் இங்கேதான் இருக்கிறது. நமது வயல்களில் என்ன மருந்து அடிக்கிறார்கள்? அறுவடைக்கு எத்தனை நாள் முன்னர் அதை நிறுத்துகிறார்கள்? சந்தைக்கு வரும் பழத்தை யார் பரிசோதிக்கிறார்கள்? ஊசிக்கதையில் மயங்கிக் கிடப்பவர்கள் இக்கேள்விகளைக் கேட்பதேயில்லை. பொய்யான அச்சம் மெய்யான அச்சத்தின் ஆசனத்தில் ஏறி அமர்ந்துவிட்டது.

அதைவிட அன்றாட ஆபத்து ஒன்று கத்தியின் முனையில் இருக்கிறது. வத்தகப்பழம் எலுமிச்சையைப் போலப் புளிப்புள்ளதல்ல. நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் நீர், அதில் சர்க்கரை, புளிப்போ மிகக் குறைவு. கிருமி பெருகுவதற்கு இதைவிட வசதியான வீடு வேறில்லை. மண்ணில் கிடந்த பழத்தைக் கழுவாமல் வெட்டும்போது தோலில் இருந்த கிருமியைக் கத்தியே சதைக்குள் கொண்டுசேர்க்கிறது. 2011 இறுதியிலும் 2012 தொடக்கத்திலும் பிரித்தானியா, அயர்லாந்து, ஜேர்மனி ஆகிய நாடுகளில் பலரைப் பாதித்த சல்மொனெல்லா நோய் வத்தகப்பழத்துடன் தொடர்புடையது எனக் கண்டறியப்பட்டது. 2018இல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் வெட்டிப் பொதிசெய்து விற்ற பழங்களால் இதே நோய் பரவியது. சுத்தம் பேணும் நாடுகளின் பேரங்காடிகளிலேயே இந்தக் கதி என்றால், வெயிலில் திறந்தபடி, ஈ மொய்க்க, வாளித் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் புதிதுபோல் காட்டும் நம் பேருந்து நிலையத்துத் துண்டுகளைப் பற்றி என்ன சொல்ல? அந்தத் துண்டை வாங்கிக் கடித்துக்கொண்டே ஊசிக்கதையைப் பிறருக்கு அனுப்புகிறவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இந்தக் கதைகள் ஏன் எடுபடுகின்றன என்று யோசித்தால் எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான். பழம் பார்த்து வாங்கும் அறிவை நாம் கைவிட்டுவிட்டோம். தட்டிப் பார்த்து, தூக்கிப் பார்த்து, புரட்டிப் பார்த்து வாங்கத் தெரிந்தவரை எந்தக் காணொளியும் மிரட்டாது. அறிவு வெளியேறிய வீட்டில்தான் வதந்தி குடியேறுகிறது. ஆகவே ஊசிக்கதைக்கு நான் எழுதும் மறுப்பு, பழத்தைத் தெரிவு செய்வது எப்படி என்பதையும் சொல்லாமல் முழுமை பெறாது.

முதலில் பழத்தைப் புரட்டுங்கள். வயலில் நிலத்தோடு ஒட்டிக் கிடந்த பக்கத்தில் ஒரு திட்டு இருக்கும். அது வெண்ணெய்யின் மஞ்சளாக இருந்தால் பழம் கொடியிலே முற்றியது. வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ இருந்தால் அவசரப்பட்டுப் பிடுங்கியது. அந்தத் திட்டை அழுகல் என்று நினைத்து ஒதுக்கிவிட்டு, சுற்றிவரப் பச்சையாய் இருப்பதைப் பொறுக்கியெடுக்கும் படித்தவர்களைப் பார்த்து வியாபாரிகள் மனதுக்குள் சிரித்துக்கொள்கிறார்கள். அடுத்தது பளபளப்பு. மினுங்கும் தோல் பிஞ்சின் அடையாளம். முற்றிய பழத்தின் தோல் மங்கியிருக்கும். மூன்றாவது எடை. ஒரே அளவான இரண்டு பழங்களைக் கைக்கொன்றாகத் தூக்குங்கள். கனமானதை எடுங்கள், நீர் நிறைந்தது அதுவே. நான்காவது ஓசை. சுண்டினால் நெற்றியில் தட்டியது போலக் கணீரென்று கேட்டால் காய். மார்பில் தட்டியது போல ஆழ்ந்து முழங்கினால் பழம். வயிற்றில் தட்டியது போலப் பொத்தென்று கேட்டால் பதம் கடந்தது. வயலிலேயே வாங்குபவராயின் பழக்காம்பின் அருகே சுருண்டிருக்கும் பற்றுக்கொடியைப் பாருங்கள். அது காய்ந்து பழுப்பாகியிருந்தால் பறிக்கும் பதம் வந்துவிட்டது என்பது விவசாயியின் கணக்கு.

இவற்றில் ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாறலாம். நான்கும் ஒத்துவந்தால் ஏமாறுவது அரிது.

நீண்ட பழம் ஆண், உருண்ட பழம் பெண், பெண் பழமே இனிக்கும் என்று இன்னோர் அபத்தம் ஊர் சுற்றுகிறது. வத்தகக்கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே உண்டு. பெண் பூ மட்டுமே காய்க்கும். ஆண் பழம் என்று ஒன்று உலகிலேயே இல்லை. நீளமும் உருட்சியும் இனத்தைப் பொறுத்தவை. சுகர் பேபி என்ற இனம் கரும்பச்சையாய் உருண்டிருக்கும். சார்ல்ஸ்டன் கிரே வெளிறிய பச்சையில் நீண்டிருக்கும். இரண்டும் பதமாய் முற்றினால் இனிக்கும். விதையில்லாப் பழம் மரபணு மாற்றியது என்பதும் இந்த வகைக் கதையே. நான்கு தொகுதி நிறமூர்த்தங்கள் உள்ள கொடியையும் இரண்டு தொகுதி உள்ள கொடியையும் கலந்து, மூன்று தொகுதி உள்ள மலட்டு விதையைப் பெறும் பழைய இனக்கலப்பு முறை அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தையொட்டியே ஜப்பானிய அறிஞர் ஹிதோஷி கிஹாராவின் குழுவினர் இதில் ஈடுபட்டார்கள்.

நல்ல பழத்தைத் தெரிந்தெடுத்தாயிற்று. இனி அதைக் கெடுப்பது பெரும்பாலும் நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிதான். முழுப்பழத்தைக் கொண்டுவந்த கையோடு அதற்குள் திணிப்பவர்கள் நல்லது செய்வதாக எண்ணுகிறார்கள். வத்தகப்பழம் வெப்பநிலத்துப் பிள்ளை. 10 முதல் 15 பாகை செல்சியஸ் வரையான குளிர்ச்சியில் இரண்டு மூன்று வாரம் இருக்கும். அதற்குக் கீழே நாட்கணக்கில் வைத்தால் தோலில் குழி விழும், நிறம் மங்கும், சுவை குன்றும். வீட்டுப் பெட்டியின் குளிரோ 4 பாகையை ஒட்டியது. ஒக்லஹோமா மாநிலத்தின் லேனில் அமெரிக்க விவசாயத் திணைக்கள ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட முடிவு ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. 21 பாகையில் 14 நாட்கள் வைத்த முழுப்பழங்களில் லைக்கோப்பீன், புதிதாய்ப் பறித்ததைவிட இனத்துக்கேற்ப 11 முதல் 40 வீதம் வரை கூடியிருந்தது. இனிப்பு ஏறாவிட்டாலும் நிறம் ஏறுகிறது. அதாவது வீட்டின் நிழலான மூலையில் சும்மா இருக்கும் பழம் எவருடைய ஊசியும் இன்றித் தானாகவே மேலும் சிவக்கிறது! ஊசிக்கதைக்கு இதைவிட நல்ல பதிலை நானும் எழுதிவிட முடியாது.

ஆகவே முழுப்பழத்தை வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வாழைக்குலை, மாம்பழம், பப்பாசி ஆகியவற்றின் அருகே வைக்காதீர்கள். அவை வெளிவிடும் எதிலீன் வாயு வத்தகப்பழத்தின் சதையைத் தளர்த்திவிடும். வெட்டுவதற்குச் சில மணித்தியாலம் முன்னர் குளிரில் வைப்பது போதும். வெட்டுமுன் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். தோலை எறியத்தானே போகிறோம், கழுவுவானேன் என்று கேட்பவர்கள் கத்தியைப் பற்றி மேலே சொன்னதை மீண்டும் ஒருமுறை படிக்கவும். மீன் வெட்டிய கத்தியும் பலகையும் வேண்டாம். வெட்டியபின் விதி தலைகீழாகிறது. மிகுந்ததை மூடி உடனே குளிரில் வைக்க வேண்டும். மூன்று நாளுக்குள் உண்டு முடிக்க வேண்டும். வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்ததை, நம் பங்குனி வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கிடந்ததை, தயவுதாட்சண்யம் பாராமல் எறிந்துவிடுங்கள். முழுப்பழத்தைக் குளிரில் பூட்டிவைத்து, வெட்டிய பழத்தை மேசையில் திறந்துவைக்கும் நம் வழக்கம் இரு பக்கமும் பிழையானது.

உண்பதற்கு உபதேசம் தேவையில்லை என்றாலும் ஒன்று சொல்வேன். பழச்சாறு என்று அரைத்து, சீனி கொட்டி, பனிக்கட்டி நிரப்பிக் குடிப்பது பழத்துக்கும் அவமானம், நாக்குக்கும் அவமானம். 100 கிராம் சதையில் ஏறக்குறைய 6 கிராம் சர்க்கரை இயல்பாகவே இருக்கிறது. மிகுந்த குளிரில் நாக்கு மரத்து அந்த இனிப்பை உணராமல் போவதால்தான் சீனியைத் தேடுகிறோம். பெரிய துண்டாக வெட்டி, ஒரு சிட்டிகை உப்பும், விரும்பினால் மிளகாய்த்தூளும் தூவி, சாறு முழங்கை வரை வழிய உண்ணுங்கள். உப்பு இனிப்பைத் தூக்கிக் காட்டும். சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே உள்ள வெள்ளைச் சதையை எறியாமல், நீற்றுப்பூசணியைப் போலப் பருப்புடன் சேர்த்துக் கறியாக்கலாம். விதையைக் காயவைத்து வறுத்துக் கொறிக்கலாம். விதையை விழுங்கினால் வயிற்றில் கொடி முளைக்கும் என்று சிறுவயதில் நம்மைப் பயமுறுத்தினார்கள். அந்தக் கதையால் எந்த விவசாயியும் கடனாளி ஆகவில்லை. இன்றைய கதை அப்படியல்ல.

இறுதியாக என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு ஒரு சொல். பரபரப்புக்காகப் பஞ்சும் ஊசியும் காட்டிய தொலைக்காட்சிகள், விலை வீழ்ந்தபின் கண்ணீர் வடிக்கும் விவசாயியின் முகத்தையும் அதே பரபரப்புடன் காட்டின. தீ வைத்தவரே தீயணைக்கும் படத்தையும் விற்பதற்கு ஊடக தர்மம் என்று பெயர் வைக்க முடியாது. உணவைப் பற்றிய எச்சரிக்கை அவசியமானது. ஆனால் எச்சரிக்கைக்கு முன் ஆய்வுகூட அறிக்கை வேண்டும், இடமும் காலமும் வேண்டும், குற்றம் சாட்டப்படுபவரின் பதில் வேண்டும். இவற்றில் ஒன்றும் இல்லாத எச்சரிக்கை அவதூறு. தனி மனிதர் மீது அவதூறு எழுதினால் நீதிமன்றம் ஏற வேண்டிவரும் என்ற பயம் இருக்கிறது. பழத்துக்கு வழக்குத் தொடரத் தெரியாது, அதை விளைவித்தவருக்கோ வழக்குத் தொடரப் பணம் இல்லை. அந்தத் துணிச்சலில்தான் எழுதுகிறார்கள்.

வாசகர்களுக்கு நான் சொல்வது இதைவிடச் சிறியது. அடுத்த முறை அந்த ஊசிக்கதை உங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தால், அனுப்பியவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த ஊர்? எந்த நாள்? எந்த ஆய்வுகூடம்? விடை வராது. வராத பட்சத்தில் அதை அழித்துவிட்டு, சந்தைப் பக்கம் போய், மஞ்சள் திட்டு விழுந்த கனமான வத்தகப்பழம் ஒன்றைப் பார்த்து வாங்கி வாருங்கள். விலையைக் குறைக்கச் சொல்லி அதிகம் பேரம் பேசாதீர்கள்.